முன்பக்கம் 'டக் டக்': ஷாக் மாற்றுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்கணும்?

சாலைப்புழுதி | #1

சின்ன ஹேட்ச்பேக். முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். ஸ்ட்ரட் என்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண், டார்ஷன் பீம் என்பது இரண்டு பின் சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு. 72,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒட்டுப் போட்ட ரோட்டில் 20, 30 வேகத்தில் போனால் இடது முன்பக்கம் 'டக் டக்' என்று கேட்கிறது. நல்ல ரோட்டில் ஒன்றும் இல்லை. பட்டறையில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். எண்ணெய்க் கசிவு எதுவும் கண்ணில் படவில்லை. ஷாக்தானா, வேறு ஏதாவதா? எந்த வரிசையில் பார்ப்பது?

கொங்குஸ்பேனர் | #2

கசிவு இல்ல, வேகத்துல சத்தம் இல்லைன்னா ஷாக் மேல சந்தேகம் கடைசியாத்தான் வரணுங்க. முதல்ல ஒரு வேகத்தடையில ரெண்டு விதமா ஏத்திப் பாருங்க. ரெண்டு முன் சக்கரமும் ஒண்ணா ஏறுற மாதிரி நேரா ஒரு தடவை. அப்புறம் ஒரு சக்கரம் முன்னாடி, ஒண்ணு பின்னாடி ஏறுற மாதிரி சாய்வா ஒரு தடவை. நேரா ஏறும்போது அமைதி, சாய்வா ஏறும்போது சத்தம்னா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்தான். நம்ம பக்கம் லிங்க் ராடுன்னு சொல்றது. இடது வலது சக்கரத்தைச் சேர்க்கிற ஸ்டெபிலைசர் பாரோட முனையை ஸ்ட்ரட்டோட இணைக்கிற சின்னக் கம்பி.

காரணம் இதுதான். ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினா ஸ்டெபிலைசர் பார் முறுக்காது, அப்படியே கூடவே ஏறி இறங்கும். லிங்க்குக்கு வேலையே இல்ல. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல இறங்குனா பார் முறுக்கும், லிங்க்ல இருக்கிற சின்ன பால் ஜாயிண்ட் (குண்டு மூட்டு) இழுபடும், அடுத்த நொடி தள்ளுபடும். அதுல அரை மி.மீ. ஆட்டம் இருந்தாலே உள்ள உக்காந்திருக்கிறவருக்குக் கேக்கும்.

கையால ஆட்டிப் பாக்கும்போது ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்காதீங்க. பார் முறுக்கிக்கிட்டு லிங்க்கை இறுக்கிப் பிடிச்சிருக்கும், ஆட்டம் தெரியாது. ஒண்ணு ரெண்டு பக்கமும் தூக்கி ஸ்டாண்டுல நிறுத்தணும், இல்லைன்னா நாலு சக்கரமும் தரையில இருக்கிறப்போ குழியில இறங்கிப் பாக்கணும்.

அச்சாணி | #3

சரியான இடத்தில் ஆரம்பித்திருக்கிறார். ஸ்விஃப்ட், ஐ10, டியாகோ மூன்றிலும் அமைப்பு இதேதான்: முன்னால் மேக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். அதனால் இங்கே சொல்வது இந்த வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

முன்பக்க ஷாக்கும் பின்பக்க ஷாக்கும் ஒரே வேலை செய்வதில்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். பின்பக்க ஷாக் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது, அவ்வளவுதான். முன்பக்க ஸ்ட்ரட் அதோடு சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் இருக்கிறது. மேலே தனி ஆர்ம் கிடையாது. நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) ஸ்ட்ரட்டின் அடியில் இரண்டு போல்ட்டால் இறுகியிருக்கிறது, ஸ்ட்ரட்டின் தலை ரப்பர் மவுண்ட் வழியாகப் பாடியில் நிற்கிறது. ஸ்டீயரிங் திருப்பினால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து மொத்த ஸ்ட்ரட்டும் சுழலும். 1950-இல் ஃபோர்டு கான்சல் காரில் வந்த இந்த ஏற்பாடு, இடமும் செலவும் குறைவு என்பதால் சின்ன கார்களில் நிலைத்துவிட்டது. அதன் விலை, எல்லாச் சுமையும் நாலைந்து ரப்பர் துண்டுகள் மேலும் இரண்டு மூன்று சின்ன பால் ஜாயிண்ட்கள் மேலும் விழுவது. முதலில் சாவது அவைதான், ஷாக் அல்ல.

எந்த நேரத்தில் சத்தம் வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஸ்பிரிங் தெறிக்கிற மாதிரி கேட்டால், ஸ்ட்ரட் தலையில் உள்ள பேரிங் இறுகிவிட்டது. ஸ்பிரிங் சுழல முடியாமல் முறுக்கிக்கொண்டு திடீரென்று விடுபடுகிறது. ஒருவரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லி, ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனியை லேசாக வைத்தால் அந்தத் தெறிப்பு கைக்கே தெரியும். வளையங்களுக்கு நடுவே விரலை விடக்கூடாது.

பிரேக் அழுத்தும்போது ஒரே ஒரு 'டொக்', ரிவர்ஸ் எடுத்து மறுபடி பிரேக் போட்டால் இன்னொரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் கை) பின்பக்க ரப்பர் புஷ். பிரேக் விசையில் பெரும் பங்கை வாங்குவது அந்தப் புஷ்தான். பிரேக் காலிப்பரின் பின் (pin) தேய்ந்தாலும் எஞ்சின் மவுண்ட் உடைந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம் வரும், அவற்றையும் பார்த்துவிடுங்கள்.

மெதுவாக ஏறி இறங்கும்போது பழைய கதவு மாதிரி கிறீச்சிட்டால் ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் டி (D) வடிவப் புஷ். வேகம் கூடக் கூட 'ஊ' என்ற இரைச்சலும் கூடினால் வீல் பேரிங். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து நகர்த்தும்போது 'கடக் கடக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். இந்தக் கடைசி இரண்டும் சஸ்பென்ஷனே இல்லை. ஆனால் இவற்றுக்காக ஷாக் மாற்றி பில் போட்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

புதுடயர் | #4

அப்போ ஷாக் போயிடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? பானட்டை அழுத்திப் பாக்கற டெஸ்ட் போதுமா?

அச்சாணி | #5

போதாது. அழுத்தி விட்டால் ஒரு முறை எழும்பி அடங்க வேண்டும். மூன்று நான்கு முறை ஆடினால் ஷாக் செத்துவிட்டது, அதில் ஐயமில்லை. ஒரே முறையில் அடங்கினால் ஷாக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கையால் அழுத்துவது மெதுவான அசைவு. பள்ளத்தில் விழும்போது பிஸ்டன் ராடு அதைவிடப் பல மடங்கு வேகமாக ஓடுகிறது, அந்த வேகத்துக்கான வால்வுகள் வேறு. புஷ்களில் இறுக்கம் இருந்தாலும் ஆட்டம் சீக்கிரம் அடங்கி நம்மை ஏமாற்றும்.

டயரைத் தடவிப் பாருங்கள். ஓரத்தில் சுற்றிவர மேடும் குழியுமாக, ஒரு கையகல இடைவெளியில் தேய்ந்திருந்தால் டயர் தரையை விட்டுத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. பேலன்சிங் சரியாக இருந்தால் காரணம் பெரும்பாலும் ஷாக்தான். அடுத்தது நெடுஞ்சாலையில் 80 வேகத்தில் ஒரு அலை மாதிரியான மேடு வந்தால் மூக்கு ஒரு முறை எழுந்து இறங்குகிறதா, தொடர்ந்து மிதக்கிறதா என்பது.

கசிவிலும் இரண்டு வகை உண்டு. சீலுக்குக் கீழே லேசாக ஈரப்பசையும் அதில் ஒட்டிய புழுதியும் இருப்பது வியர்வை. ராடு ஏறி இறங்கும்போது மெல்லிய எண்ணெய்ப் படலம் வெளியே வருவது இயல்பு. ட்யூபின் பாதிக்கு மேல் நனைந்து, துடைத்த பிறகு சில நாளில் மறுபடி வழிந்தால்தான் கசிவு. வியர்வையைக் காட்டி ஷாக்கை விற்பது எளிது. ஒரு துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள்.

சாலைப்புழுதி | #6

சாய்வாக ஏற்றினால் சத்தம், நேராக ஏற்றினால் இல்லை. லிங்க்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து உறுதி செய்யலாமா, அதில் ஆபத்து உண்டா?

கொங்குஸ்பேனர் | #7

தாராளமாப் பாக்கலாங்க, தெருவுக்குள்ள மட்டும். ரெண்டு லிங்க்கையும் கழட்டணும். ஒண்ணை மட்டும் கழட்டுனா இன்னொண்ணு தொங்கிக்கிட்டுச் சத்தம் போட்டுக் குழப்பும். கழட்டுனதும் பார் ஊசலாடும், டிரைவ் ஷாஃப்ட்லயோ டயர்லயோ இடிக்காம கம்பியால கட்டிவைங்க. வளைவுல வண்டி வழக்கத்தைவிடச் சாயும், அதனால மெயின் ரோட்டுக்குப் போகாதீங்க.

கழட்டுறப்போ நட்டு பெரும்பாலும் 14 மி.மீ. ஸ்பேனர். நட்டைத் திருப்புனா பால் ஜாயிண்ட்டும் கூடச் சுத்தும், அதனால நடுவுல இருக்கிற குழியில 5 அல்லது 6 மி.மீ. ஆலன் கீ போட்டுப் பிடிச்சுக்கணும். துரு ஏறியிருந்தா முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க. ஆலன் குழி வழுக்கிடுச்சுன்னா அறுக்கிறதுதான் வழி. எப்படியும் மாத்தப்போற பொருள்தானே, அறுத்தா நட்டம் இல்ல.

லிங்க்கை ஜோடியா மாத்துங்க. லிங்க் மட்டும் மாத்துனா வீல் அலைன்மென்ட் தேவை இல்ல. யாராவது கட்டாயம்னு சொன்னா ஏன்னு கேளுங்க.

பட்டறைவாசல் | #8

லிங்க்கோட நிறுத்தறது சரிதான். ஆனா இந்த இழையைப் படிக்கிறவங்க எல்லாருக்கும் லிங்க் மட்டுமே போயிருக்காது. ஸ்ட்ரட்டை இறக்க வேண்டிய வேலை வந்தா உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாத்தையும் அப்பவே மாத்திடணும்னு நான் சொல்வேன். மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்காமத் தடுக்கிற கட்டை), டஸ்ட் கவர். பொருள் விலையைவிட இறக்கி ஏத்துற கூலிதான் அதிகம். பம்ப் ஸ்டாப் பொடிஞ்சு போயிருந்தா, பெரிய பள்ளத்துல ஷாக்கோட பிஸ்டன் நேரா அடியில போய் இடிக்கும். புது ஷாக் போட்டு பழைய பம்ப் ஸ்டாப்பை விட்டா, புது ஷாக்கும் சீக்கிரம் போகும். டஸ்ட் கவர் கிழிஞ்சா மணல் ராடுல ஒட்டி சீலை அறுக்கும்.

ஸ்ட்ரட் இறக்குற முறையும் எழுதிடறேன். சொந்தமா செய்யாட்டியும் பக்கத்துல நின்னு பாக்கறவங்களுக்கு எது தப்புன்னு தெரியணும்.

வண்டியைச் சமதளத்துல நிறுத்தி ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கட்டை. வீல் நட்டைத் தரையில இருக்கும்போதே தளர்த்திட்டுத் தூக்கணும், தூக்குனதும் ஸ்டாண்டுல இறக்கணும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே கை விடக்கூடாது. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் ரெண்டும் ஸ்ட்ரட் பிராக்கெட்ல மாட்டியிருக்கும், முதல்ல அதை விடுவிக்கணும். அப்புறம் லிங்க். அடுத்து நக்கிள் போல்ட் ரெண்டு, பெரும்பாலும் 17 அல்லது 19. கழட்டறதுக்கு முன்னாடி ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேர்ற இடத்துல ஒரு கோடு கீறி வெச்சுக்கணும். அந்தத் துளையில இருக்கிற கொஞ்சூண்டு இடைவெளியிலதான் கேம்பர் கோணமே (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயுற கோணம்) மாறும்.

நக்கிளை வெளியே சாய விடக்கூடாது. கம்பியால கட்டணும். சாய்ஞ்சா பிரேக் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டோட உள் ஜாயிண்ட் பிரிஞ்சு வந்துடும். அதுக்கப்புறம்தான் மேல் மவுண்ட் நட்டுகள்.

ஸ்ட்ரட்டோட நடு நட்டை, அதாவது பிஸ்டன் ராடு நட்டை, ஸ்பிரிங்கை அமுக்காமத் தொடவே கூடாது. அதுக்குள்ள இருக்கிற விசை ஆளைக் கொல்லும். ஸ்பிரிங் கம்ப்ரெசர் ரெண்டையும் எதிரெதிர்ப் பக்கம் மாட்டி, மாத்தி மாத்திச் சில சுத்து இறுக்கி, ஸ்பிரிங் தன் இருக்கையில தளர்வா ஆடுற வரைக்கும் அமுக்கணும். அப்புறம் ராடை ஆலன் கீயால பிடிச்சு நட்டைக் கழட்டணும். ராடு பளபளப்பா இருக்கிற பகுதியில பிளையர் போட்டுப் பிடிச்சா அந்தக் கீறலே ஒவ்வொரு தடவையும் சீலை வெட்டும். புது ஷாக் பத்து நாள்ல கசிஞ்சா முதல்ல அந்தக் கீறலைத் தேடுங்க.

புது ஸ்ட்ரட்டை நிமிர்த்திப் பிடிச்சு அஞ்சாறு தடவை முழுசா அமுக்கி இழுத்துட்டு மாட்டணும். படுத்துக் கிடந்த ஷாக்ல உள்ளே இருக்கிற வாயு எண்ணெய்ப் பக்கம் புகுந்திருக்கும். ஸ்பிரிங்கோட முனை கீழ் இருக்கையில இருக்கிற படியில சரியா உக்காரணும். ராடு நட்டு எல்லாம் புதுசு போடணும், பூட்டு நட்டை ரெண்டாவது தடவை பயன்படுத்தக்கூடாது. வீல் நட்டு சின்ன கார்ல பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். மத்த போல்ட்டுக்கு அந்தந்த மாடலோட சர்வீஸ் கையேடுதான்.

கொங்குஸ்பேனர் | #9

அண்ணா சொன்னதுல ஒண்ணு சேர்க்கணுங்க. லோயர் ஆர்ம், பின் பீம் ரெண்டோட புஷ் போல்ட்டும் வண்டி தூக்கியிருக்கும்போது இறுக்கவே கூடாது. நம்ம ஊர்ல பாதிப் புஷ் சீக்கிரம் கிழியறதுக்கு இதுதான் காரணம்.

இந்தப் புஷ்ஷுல ரப்பரு உள் குழாயோடவும் வெளிக் குழாயோடவும் ஒட்டியே வார்த்திருக்கும். ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர் வழுக்காது, முறுக்கும். சக்கரம் தொங்கிக்கிட்டிருக்கும்போது போல்ட்டை இறுக்குனா ரப்பரோட ஓய்வு நிலை அந்தத் தொங்குற கோணத்துலயே பூட்டிக்கும். வண்டியை இறக்குனதும், நிக்கும்போதே ரப்பர் முறுக்கின நிலையில இருக்கும். அப்புறம் பள்ளம் வந்தா இன்னும் முறுக்கிக் கிழியும்.

போல்ட்டைக் கையால மட்டும் ஏத்தி விட்டு, வண்டியைத் தரையில இறக்கி, முன்பக்கத்தை நாலு தடவை அழுத்தி ஆட்டிட்டு அப்புறமா டார்க் ரெஞ்ச் (இறுக்குற விசையை அளக்கிற ஸ்பேனர்) வெச்சு இறுக்குங்க. குழியோ சாய்தளமோ இல்லாத இடத்துல, லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட் பக்கத்துல ஜாக்கி வெச்சு, வண்டி ஸ்டாண்டை விட்டு எழும்ப ஆரம்பிக்கிற வரைக்கும் தூக்கியும் இறுக்கலாம்.

புதுடயர் | #10

லோயர் ஆர்ம் புஷ் மட்டும் அழுத்தி மாத்தலாமா, ஆர்மையே மாத்தணுமா? பாலியூரிதேன் புஷ் நல்லதுன்னு சொல்றாங்களே?

பட்டறைவாசல் | #11

பால் ஜாயிண்ட் ஆர்மோட சேர்ந்து ரிவெட் அடிச்சோ அழுத்தியோ வந்து, அதுலயும் ஆட்டம் இருந்தா ஆர்மையே மாத்திடுங்க. பால் ஜாயிண்ட் நல்லா இருந்தா புஷ் மட்டும் பிரஸ்ல மாத்தலாம். பின் புஷ்ல வெற்றிடம் விட்ட பக்கம் எந்தத் திசை பாக்குதுன்னு பழசைக் கழட்டறதுக்கு முன்னாடி குறிச்சுக்கணும். சுத்தியலால அடிச்சு ஏத்துறவங்ககிட்டக் கொடுக்காதீங்க, வெளிக் குழாய் கோணலாயிடும்.

பாலியூரிதேன் சீக்கிரம் தேயாது, ஆனா அது உறிஞ்ச வேண்டிய அதிர்வை எல்லாம் பாடிக்கு அனுப்பும். தினசரி ஓட்டுற குடும்ப வண்டிக்கு ரப்பரே போதும்.

அச்சாணி | #12

பால் ஜாயிண்ட்டைச் சோதிப்பது பற்றியும் சொல்லிவிடலாம். மேக்பெர்சனில் வண்டியின் எடையை ஸ்ட்ரட் தாங்குகிறது, கீழ் பால் ஜாயிண்ட் தாங்குவதில்லை. அதனால் சக்கரத்தைத் தொங்கவிட்டே சோதிக்கலாம். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட்டோ ஸ்ட்ரட்டோ. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் மட்டும் தெரியும் ஆட்டம் டை ராடு எண்ட் அல்லது ரேக் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் இரண்டு முனை ஜாயிண்ட்கள்).

பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் ஆட்டத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வெளியே மடிந்துவிடும். லிங்க், புஷ் கோளாறுகள் பெரும்பாலும் சத்தம், டயர் தேய்மானம் என்று முடியும். பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் இரண்டும் உயிர் சம்பந்தப்பட்டவை. ரப்பர் உறை கிழிந்திருப்பதைப் பார்த்தாலே மாற்றிவிடுங்கள். மழைநீர் தேங்கிய தெருவில் ஓடிய வண்டியில் கிழிந்த உறை வழியாகச் சேறு போய் கிரீஸை அரம் ஆக்கிவிடும்.

சாலைப்புழுதி | #13

இரண்டு லிங்க்கும் இல்லாமல் தெருவில் சத்தம் முழுவதுமாக நின்றது. புது லிங்க் வாங்கியாயிற்று. பின்பக்கத்துக்கும் இதே மாதிரி கவனம் வேண்டுமா? அங்கே ஒரு கடையில் ஸ்பிரிங் வளையத்துக்குள் சொருகும் ரப்பர் பஃபர் போட்டால் வண்டி உயரும் என்கிறார்கள்.

அச்சாணி | #14

பஃபர் வேண்டாம். ஸ்பிரிங்கின் எல்லா வளையமும் சேர்ந்து சுருங்குவதாகக் கணக்குப் போட்டுத்தான் கம்பியின் தடிமனைத் தீர்மானிக்கிறார்கள். இரண்டு வளையத்துக்கு நடுவே கட்டை வைத்தால் மீதி வளையங்கள் அதிகம் முறுகும், பஃபர் உரசும் இடத்தில் பெயிண்ட் போய்த் துரு பிடிக்கும், ஒரு நாள் அங்கே உடையும். கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். வண்டி தாழ்ந்துவிட்டது என்று தோன்றினால் அளந்து பாருங்கள். காற்று சரியாக வைத்து, சுமை இல்லாமல், சமதளத்தில், வீலின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை. இடதும் வலதும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபட்டால் ஸ்பிரிங்கின் அடி வளையம் உடைந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். சிஎன்ஜி சிலிண்டர் பின்னால் ஏற்றியிருந்தால் கனமான பின் ஸ்பிரிங் ஜோடியாகப் போடுவதுதான் சரியான வழி.

டார்ஷன் பீம் எளிமையானது. இரண்டு பக்க ஆர்ம், நடுவில் முறுக்கும் ஒரு பீம், பாடியில் இரண்டு பெரிய புஷ். அந்த இரண்டு புஷ்ஷும் தளர்ந்தால் லேன் மாற்றும்போது வால் கொஞ்சம் தாமதமாக வருவது போல் இருக்கும். பின்பக்க டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) திருகிச் சரிசெய்ய முடியாது. அலைன்மென்ட் திரையில் பின்பக்கம் சிவப்பு காட்டினால் புஷ் போயிருக்கிறது அல்லது பீம் வளைந்திருக்கிறது.

பின்பக்கம் 'லொட லொட' என்றால் முதலில் டிக்கியைக் காலி செய்து, ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பாதி நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

புதுடயர் | #15

பழைய ஷாக்குல எண்ணெய் மாத்தி ரீகண்டிஷன் பண்ணித் தராங்களே, அது?

பட்டறைவாசல் | #16

வேண்டாம். உள்ளே பெரும்பாலும் நைட்ரஜன் வாயு அழுத்தத்துல இருக்கும். ட்யூபை அறுத்து வேற எண்ணெய் ஊத்தி வெல்டு வெச்சா அந்த வாயு போயிடும், எண்ணெயோட கெட்டித்தன்மையும் மாறிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்காது. பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கிற வண்டியை மழையில ஓட்டறது ஆபத்து. புது ஷாக் ஜோடி வாங்கக் காசு சேர்ற வரைக்கும் வேகத்தைக் குறைச்சு ஓட்டறது மேல்.

அலைன்மென்ட் எப்போன்னு நிறையப் பேருக்குக் குழப்பம். ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், டை ராடு எண்ட், ரேக் எண்ட் இதுல எது கழட்டினாலும் கண்டிப்பா. லிங்க், டி புஷ், பின் ஷாக்குக்கு வேண்டாம். அலைன்மென்ட்டுக்கு முன்னாடி ஆட்டம் எல்லாம் சரி பண்ணியிருக்கணும். தேய்ஞ்ச புஷ்ஷோட அலைன்மென்ட் பண்ணினா மெஷின்ல பச்சை காட்டும், ரோட்ல பிரேக் போட்டதும் மாறிடும்.

கொங்குஸ்பேனர் | #17

ஓட்டுற விதமும் ஒண்ணு. இந்திய சாலைக் காங்கிரஸோட (சாலைப் பொறியாளர்கள் அமைப்பு) 1988 வழிகாட்டுதல்ல வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்கணும், 25 கி.மீ. வேகத்துல ஏறி இறங்கலாம்னு இருந்துச்சு. தெருவுல இருக்கிற பலதும் ஒரு அடி அகலத்துல செங்குத்தா நிக்குது. அதுல 25-ல ஏறுனா பம்ப் ஸ்டாப் வரைக்கும் போயிடும்.

பள்ளத்தைத் தவிர்க்க முடியலைன்னா முன்னாடியே பிரேக் போட்டு வேகத்தைக் குறைச்சு, சக்கரம் விழற நொடியில பிரேக்கை விட்டுடுங்க. பிரேக் அழுத்திக்கிட்டே விழுந்தா முன் ஸ்பிரிங் ஏற்கெனவே பாதி அமுங்கியிருக்கும், மீதிப் பாதிதான் அடியை வாங்கும்.

டி புஷ் கிறீச்சிட்டா டபிள்யூடி-40, எஞ்சின் ஆயில், சாதாரண கிரீஸ் எதுவும் அடிக்காதீங்க. ரெண்டு நாள் அமைதியா இருக்கும், அப்புறம் ரப்பர் ஊதிப்போக வாய்ப்பு உண்டு. சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

சாலைப்புழுதி | #18

லிங்க் மாட்டும்போது வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

கொங்குஸ்பேனர் | #19

ரப்பர் உறை முறுக்கிக்காம மாட்டுங்க. நட்டை இறுக்கும்போது ஆலன் கீ அசையாம இருக்கணும், பால் சுத்துனா உறையும் கூடச் சுத்திக் கிழியும். ரெண்டு பக்கமும் மாட்டி முடிச்சதும் ஸ்டீயரிங்கை இடது கடைசி, வலது கடைசி திருப்பி லிங்க் பிரேக் ஹோஸ்ல உரசுதான்னு பாருங்க. 500 கி.மீ. ஓடுனதும் ஒரு தடவை நட்டுல டார்க் ரெஞ்ச் வெச்சுப் பாத்துடுங்க. அதோட அப்படியே அந்தப் பக்கத்து லோயர் ஆர்ம் புஷ்ஷையும் லீவர் போட்டு நெம்பிப் பாருங்க, 72,000-க்கு அதுல வெடிப்பு ஆரம்பிச்சிருக்க வாய்ப்பு உண்டு. மேலாப்புல மயிரிழை வெடிப்புன்னா ஓட்டலாம். உள் குழாயை விட்டு ரப்பர் பிரிஞ்சிருந்தா மாத்துங்க.